மசியலும் வெண்ணெயும் விடுமுறையும்

ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டியதும் வருகிற ஹெப்பகோடியில், டிசம்பர் மாதத்தின் கடைசி வாரத்தில் உருளைக்கிழங்கு மூன்று விதமாக மசிக்கப்படுகிறது. அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அது வெண்ணெயும் பாலேடும் சேர்ந்து, பீங்கான் கிண்ணத்தில் வழிக்கப்பட்டு, சுட்ட கோழிக்குப் பக்கத்தில் வைக்கப்படுகிறது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு விருந்துகளில் அதன் பெயர் ‘மாஷ்டு பொட்டேட்டோ’. சற்றுத் தள்ளி, பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்குப் போய்வரும் தொழிலாளர்கள் மூவரும் நால்வருமாகத் தங்கியிருக்கும் ஒற்றை அறைகளில், அதே கிழங்கு பச்சைக் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் வெங்காயமும் கூட்டிக் கையாலேயே பிசையப்படுகிறது. பீகாரிக்கு அது சோக்கா, அசாமியருக்குப் பிட்டிகா. மூன்றாவது, கிருஷ்ணகிரியிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பண்டிகைக் காலையில் பூரிக்குத் துணையாக வரும் மஞ்சள் நிற மசாலா.

இம்மூன்றில் முதலாவது மட்டுமே ‘செழிப்பான விருந்துணவு’ என்ற தகுதியைப் பெறுகிறது. இரண்டாவது ஏழையின் உணவாகவும், மூன்றாவது சிற்றுண்டிக் கடையின் பொருளாகவும் நின்றுவிடுகின்றன. உணவு குறித்த தமிழ் ஆய்வுகள் இந்தத் தகுதி வேறுபாட்டை விளக்க முற்படும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இது நம்முடையதா, வந்தேறியதா? உருளைக்கிழங்கைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி பயனற்றது என்பதே இப்பதிவின் வாதம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. மசியலில் விழும் கொழுப்பு எங்கிருந்து வந்தது? மசிப்பதற்கான ஓய்வு யாருக்கு இருந்தது?

பூர்விகம் பற்றிய கேள்வியை விரைவாகவே முடித்துவிடலாம். உருளைக்கிழங்கு ஆண்டிஸ் மலைப்பயிர். கடல்வழி வந்த போர்த்துகீசியர் மேற்குக் கரையில் விட்டுச்சென்ற ‘பட்டாட்டா’ என்ற சொல் மராத்தியிலும் குஜராத்தியிலும் இன்றும் வாழ்கிறது. நீலகிரியில் 1820களில் ஜான் சலிவன் ஐரோப்பியக் காய்கறிகளுடன் அதையும் பயிரிடச் செய்தார். இந்தக் கிழங்கு ஐரோப்பாவுக்கும் அந்நியமே. பாரிஸ் நகர மேசைக்கும் பெங்களூர் மேசைக்கும் அது ஒரே அளவு விருந்தாளிதான். நம் சமூகம் இதை ஒருபோதும் மறக்கவில்லை என்பதற்குத் திவசச் சமையலே சான்று. பல வீடுகளில் முட்டைக்கோசு, காரட், தக்காளி ஆகியவற்றோடு உருளைக்கிழங்கும் அன்றைக்கு விலக்கப்படுகிறது. அதே வீட்டில் மறுவாரம் கல்யாணம் என்றால் உருளைக்கிழங்குக் கறி இல்லாத பந்தி கிடையாது. இறந்தோருக்கு ஆகாதது இருப்போரின் இலையில் முதலில் தீர்ந்துபோகிறது. இங்கே தூய்மை பேசுபவர்கள் இந்த இரண்டு இலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்ப்பது நல்லது.

கிழங்கு அந்நியம் என்றாலும் மசிப்பு அந்நியமன்று. சேனை மசியல், கருணைக்கிழங்கு மசியல், கீரை மசியல், கொங்கு நாட்டின் கடைசல் என்று தமிழ்ச் சமையலில் இது ஒரு தனி வகைமை. வேகவைத்ததை மத்தால் கடைவது, கரண்டியின் பின்புறத்தால் நசுக்குவது, விரலால் பிசைவது, உதிரியாக விட்டுப் பொடிமாஸ் ஆக்குவது ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி வினைச்சொல் இருக்கிறது. ஒவ்வொன்றும் நாவில் வேறாக விழுகிறது. இத்தனை சொற்கள் கையிருப்பில் இருக்க, விருந்து மேசைக்கு வரும்போது மட்டும் அது ‘மாஷ்’ ஆகிவிடுவதை மொழியின் வறுமை என்று சொல்வதற்கில்லை. அந்தச் சொல் மேசையின் விலையைச் சொல்கிறது. அதற்காகவே அது அங்கே வைத்துக்கொள்ளப்படுகிறது.

இதைவிட முக்கியமான செய்தி, ஆங்கிலேயரின் மசியலைத் தென்னிந்தியாவில் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு மேல் மசித்த கைகளில் பெருவாரியானவை தமிழ்க் கைகள் என்பது. 1809இல் பெங்களூரில் படைத்தளம் அமைந்தபோது சென்னைப் படையோடு வந்தவர்களில் சிப்பாய்கள் மட்டும் இல்லை. வண்ணார், குதிரைக்காரர், தோட்டக்காரர், பட்லர், குசினிக்காரர் எனத் தமிழ் பேசும் ஓர் உலகமே அல்சூர், சிவாஜி நகர்ப் பகுதிகளில் வந்து இறங்கியது. கண்டோன்மென்டும் பேட்டையும் தனித்தனி நிர்வாகங்களாக இருந்து 1949இல்தான் ஒரே மாநகராட்சியாயின. அதுவரை அங்கிருந்த ஆங்கிலேயப் பங்களாக்களின் பின்கட்டில், மைசூர்க் கன்னடமும் லண்டன் ஆங்கிலமும் அல்லாத ஒரு பட்லர் தமிழே சமையலறை மொழியாகப் புழங்கியது.

1878இல் சென்னையில் வெளிவந்த ‘கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்’ என்ற நூல் இந்தச் சமையலறையை அறிய உதவும் முதன்மையான ஆவணம். சென்னைக் குதிரைப்படை அதிகாரி கென்னி ஹெர்பெர்ட் ‘வைவெர்ன்’ என்ற புனைபெயரில் எழுதியது. அதில் சமையற்காரருக்கு ஒரே பெயர்தான்: ராமசாமி. எந்த வீட்டில் யார் சமைத்தாலும் அவர் ராமசாமியே. கண்டிக்கப்படுவதும் ராமசாமி, பாராட்டப்படுவதும் ராமசாமி. உணவு வரலாற்றாளர்கள் இந்நூலைக் காலனியச் சுவையின் ஆவணமாகப் படித்திருக்கிறார்கள். அது தொழிலாளர் வரலாற்று ஆவணமாகவும் படிக்கப்பட வேண்டும். ஏனெனில் அந்நூல் தரும் அறிவுரைகள் துரைசானிக்கு எழுதப்பட்டவை. செய்து முடித்தவர் அந்நூலைப் படிக்க இயலாதவர். வெண்ணெய் எவ்வளவு உருகலாம், பால் எப்போது சூடாக வேண்டும், கிழங்கு எந்தப் பதத்தில் உதிரும் என்ற அறிவு அவர் கையில் இருந்தது. அது எழுத்தில் அவர் பெயரால் எங்கும் பதிவாகவில்லை. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கிறிஸ்துமஸ் சமையலில் இன்றும் வாழ்கிற ‘பொட்டேட்டோ சாப்ஸ்’ (மசித்த கிழங்குக்குள் கொத்துக்கறி வைத்துப் பொரிப்பது) எந்த மரபின் சொத்து என்று கேட்டால், சமைத்தவரையும் ஒரு பங்காளியாக எண்ணாமல் விடை சொல்ல முடியாது. இன்று ஹெப்பகோடியின் அடுக்குமாடிகளில் விருந்துக்கு முந்தைய நாள் கிழங்கு தோலுரிக்கும் சமையல்காரப் பெண்மணியின் நிலை இதிலிருந்து எவ்வளவு மாறியிருக்கிறது என்பது கள ஆய்வுக்குரிய கேள்வி. பாராட்டு விருந்தளிப்பவருக்கும், படம் இன்ஸ்டாகிராமுக்கும் போகின்றன.

இனி வெண்ணெய். மசியலை விருந்தாக்குவது அதுவே. இவ்வகையில் உலகப் புகழ் பெற்றது பாரிஸின் ஜாமென் உணவகத்தில் ஜோயல் ரொபுஷோன் 1980களில் பரிமாறிய மசியல். அவர் வெளியிட்ட செய்முறையில் ஒரு கிலோ கிழங்குக்கு 250 கிராம் வெண்ணெய். உணவகத்தில் அதற்கும் மேல் சேர்ந்தது என்ற பேச்சு உண்டு. ஏழையின் கிழங்கு பிரெஞ்சு உயர்சமையலின் அடையாளமானது கால் பங்கு வெண்ணெயின் துணையால்தான். இதற்கு நேரெதிர்த் துருவம் அயர்லாந்து. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கார்க் நகரின் வெண்ணெய்ச் சந்தை உலகின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று. ஐரிஷ் கிராமங்களில் கடைந்த வெண்ணெய் பீப்பாய்களில் கடல் தாண்டியது; கடைந்தவர்களின் தட்டில் கிழங்கும் மோரும் மிஞ்சின. 1845இல் தொடங்கிய கிழங்கு அழுகல் நோய் அந்தத் தட்டையும் காலியாக்கியபோதும் அயர்லாந்திலிருந்து உணவுப் பொருள்கள் ஏற்றுமதியாகிக்கொண்டே இருந்தன.

தமிழ் வாசகருக்கு இக்கதையில் வியப்பு இராது. மோர் வீட்டுக்கு, நெய் சந்தைக்கு என்பது நம் கால்நடைக் குடும்பங்களின் நெடுங்காலக் கணக்கு. ஆகவே மசியலில் எந்தக் கொழுப்பு சேர்கிறது என்பது சுவை சார்ந்த தேர்வாக மட்டும் இருக்க முடியாது. கடுகு விளைந்த கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவர் கடுகெண்ணெயை ஊற்றுகிறார். எள்ளும் கடலையும் விளைந்த நிலத்திலிருந்து வந்தவர் தாளித்துக் கொட்டுகிறார். வெண்ணெய் சேர்ப்பவர் பாலாடையை விற்காமல் வைத்துக்கொள்ள முடிந்தவர், அல்லது கடையில் வாங்க முடிந்தவர். ஒருவகையில் இது மாறியும் இருக்கிறது. கூட்டுறவு சங்கங்கள் வந்தபின் நந்தினி வெண்ணெய்ப் பொட்டலம் ஹெப்பகோடியின் பெட்டிக்கடை வரை வந்துவிட்டது. 100 கிராம் வெண்ணெய் இன்று ஒரு தொழிலாளர் குடும்பத்துக்கும் எட்டாத பொருளன்று. அதனால்தான் வெண்ணெய் மசியலை மேட்டுக்குடிப் பாவனை என்று எள்ளி ஒதுக்குவது பிழையான விமர்சனம். வெண்ணெய் பொதுமையான பிறகும் விருந்து பொதுமையாகாதது ஏன் என்பதே விசாரிக்கத்தக்கது.

இங்கே கைவேலையைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. உணவைப் பற்றி எழுதும் ஆய்வாளர் பலர் அடுப்பைத் தொடாமலே எழுதுகிறார்கள். அது எழுத்தில் தெரிந்தும்விடுகிறது. முதலில் கிழங்குத் தேர்வு. பெங்களூர்ச் சந்தையில் கிழங்கின் இரகம் சொல்லி விற்பதில்லை. ஊட்டி, ஹாசன், கோலார், ஆக்ரா என்று ஊர் சொல்லியே விற்கிறார்கள். மசிப்பதற்கு மாவுத்தன்மை மிகுந்த, முற்றிய கிழங்கு வேண்டும். டிசம்பரில் வரத் தொடங்கும் வடநாட்டுப் புதுக்கிழங்கு, தோல் மெல்லியதாக, பார்க்க அழகாக இருக்கும்; ஈரம் மிகுந்து மசியலில் கொழகொழக்கும். குளிர்கிடங்கிலிருந்து வரும் பழைய கிழங்கிலோ மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி இனிப்புத் தட்டும். அறை வெப்பத்தில் சில நாள் வைத்திருந்தால் இனிப்பு பெருமளவு குறையும். ஐயம் இருந்தால் எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு பங்கு உப்பை 11 பங்கு நீரில் கரைத்துக் கிழங்கை அதில் போட்டால், மாவுக் கிழங்கு மூழ்கும், மற்றது மிதக்கும்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருப்பதால் நீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் வேக நேரம் கூடுதலாகப் பிடிக்கும். குக்கரில் நீருக்குள் மூழ்க வைத்தால் விரைவில் வேகும், ஆனால் கிழங்கு நீர் கோத்துக்கொள்ளும். தட்டில் வைத்து ஆவியில் வேகவிடுவது இரண்டு தொல்லைகளுக்கும் தீர்வு. வெந்த கிழங்கை உரித்து, வெறும் வாணலியில் ஓரிரு நிமிடம் புரட்டி ஈரத்தை விரட்ட வேண்டும். சூடு ஆறுவதற்குள் மசித்துவிட வேண்டும்.

மசிக்கும் கருவியில்தான் நம் வீடுகளுக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. மேலைச் சமையல் நூல்கள் ‘ரைசர்’ என்று வாங்கச் சொல்லும் சாதனம் வேறொன்றுமில்லை, நம் இடியாப்ப நாழிதான். மெல்லிய துளை அச்சைப் போட்டுச் சூடான கிழங்கைப் பிழிந்தால் கட்டி ஒன்றுமின்றி நூல்நூலாக விழும். மிக்சியில் மட்டும் போடக்கூடாது. வெந்த கிழங்கில் செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்து நிற்கின்றன. மெதுவாக அழுத்தினால் அவை முழுமையாகவே விலகும், மசியல் இலகுவாக இருக்கும். மிக்சியின் கத்தி அவற்றைக் கிழித்து உள்ளிருக்கும் கஞ்சியை வெளியே கொட்டிவிடும். பிறகு கிடைப்பது சுவரொட்டி ஒட்டும் பசை. வெண்ணெயை முதலில் சேர்த்துக் கிழங்கு முழுதும் பூசிய பிறகே, சூடான பாலைச் சிறிது சிறிதாக விட வேண்டும். பாலேடு கிடைக்காவிட்டால் 4.5 சதவீதக் கொழுப்புள்ள பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டாலே போதும். உப்புள்ள வெண்ணெய் என்றால் உப்பைக் கடைசியில் சரிபார்க்க வேண்டும். மிளகு போதும், ஆனால் நெய்யில் பொரித்த கறிவேப்பிலையும் சீரகமும் மேலே விழுந்தால் எந்தப் பிரெஞ்சுக்காரரும் முகம் சுளிக்க மாட்டார். சுளித்தாலும் நட்டமில்லை.

இந்தச் செய்முறையை நால்வருக்குச் செய்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரம்தான் ஹெப்பகோடியில் வெண்ணெயைவிட அரிதான பொருள். கர்நாடகத்தில் தொழிற்சாலைப் பண்டிகை விடுமுறைகளை 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று முறைப்படுத்துகிறது. குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள், கன்னட ராஜ்யோத்சவம் ஆகியவை அனைவருக்கும் உரியவை. மற்றப் பண்டிகைகளுக்கென ஒரு சில நாள்களே உண்டு. அவை எவை என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் முடிவாகிறது. ஆயுதபூஜை தவறாமல் இடம்பெறும். அன்று எந்திரங்களுக்குக் குங்குமமும் பூசணிக்காயும், ஆட்களுக்குப் பொரியும் இனிப்பும். பல மாநிலத்தார் சேர்ந்து உழைக்கும் ஓர் ஊரில், சத் பூஜையும் பிகுவும் மாட்டுப் பொங்கலும் அந்தக் குறுகிய பட்டியலில் இடம்பிடிப்பது அரிது. விடுமுறை நாளில் வேலை செய்தால் இரட்டைக் கூலியோ மாற்று விடுப்போ தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டியவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று ஊகிக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்தத் தேர்வும் பல இடங்களில் காகிதத்தோடு நிற்கிறது.

சோக்கா பத்து நிமிடத்தில் ஆகிவிடும் என்பது அதன் சுவையோடு சேர்ந்த தகுதி. ஷிப்டு முடித்து வந்தவர் சோற்றுப் பானைக்குள்ளேயே கிழங்கைப் போட்டு வேகவைத்து, எடுத்து, எண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டுப் படுக்கிறார். அதை ‘எளிமையின் அழகு’ என்று வியந்து எழுதுகிற கட்டுரைகள் அவருக்கு இருந்த நேரத்தைக் கணக்கிலெடுப்பதில்லை. வீடுகளிலும் இதே கணக்கு வேறொரு வடிவில் வருகிறது. விடுமுறை என்பது ஆலையிலிருந்து கிடைப்பது, அடுப்படியிலிருந்து கிடைப்பதன்று. ஆயத்த ஆடை ஆலையில் ஆறு நாள் தைத்த பெண்ணுக்குப் பண்டிகை நாள் ஏழாவது ஷிப்டு. பூரி மசாலாவும் வெண்ணெய் மசியலும் இதில் ஒரே கட்சி.

இந்த வாதத்துக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. உணவின் பொருளியலை மட்டும் பேசினால் அதன் இன்பம் தொலைந்துபோகும். கிறிஸ்துமஸ் இரவில் மசியலை உண்பவர் கார்க் சந்தையையோ விடுமுறைச் சட்டத்தையோ நினைத்து உண்பதில்லை என்பார்கள். உண்மை. உண்பவர் நினைக்கவும் வேண்டாம். ஆய்வேட்டில் அதைப் பற்றி எழுதுபவர் நினைக்காமல் இருப்பதுதான் சிக்கல். ‘பாரம்பரியம்’, ‘கலப்பு’, ‘உலகமயச் சுவை’ ஆகிய சொற்களால் ஓர் இயலை நிரப்பிவிட முடிகிறது. மசித்தவர் யார், எத்தனை மணிக்கு வேலையிலிருந்து வந்தார், வெண்ணெயை யார் வாங்கினார் என்று கேட்டால் களத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. மஞ்சள் வழி மெட்ரோவில் 2025 ஆகஸ்டு முதல் ஹெப்பகோடிக்கு ஒரு நிலையமே இருக்கிறது; ஊர்ப்பெயருக்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் பெயரைச் சுமந்தபடி. பெங்களூரின் பல்கலைக்கழகங்களிலிருந்து அது ஒன்றும் ஆண்டிஸ் மலைத் தொலைவு இல்லை.

போகிறவர்கள் டிசம்பர் 25 அன்று போவதைவிட 26ஆம் தேதி காலையில் போவது நல்லது. முந்தைய இரவு மிஞ்சிய வெண்ணெய் மசியலைக் குடியிருப்புகளில் பெரும்பாலும் வேலைக்கு வருபவரிடம் கொடுத்தனுப்பிவிடுகிறார்கள். அது ஒற்றை அறை வீட்டுக்கு வந்ததும் பச்சை மிளகாயும் இஞ்சியும் மல்லித்தழையும் சேர்ந்து, உருண்டையாகி, கடலை மாவில் தோய்ந்து எண்ணெயில் இறங்குகிறது. வெண்ணெய் மிகுந்திருப்பதால் சில உருண்டைகள் வாணலியில் பிரிந்துவிடும். கைப்பிடி அரிசி மாவைக் கூட்டிப் பிசைந்தால் நிற்கும் என்பது அங்குள்ளவர்களுக்குத் தெரியும்.